எப்போது பண்ணுகிறது?

காலையில் முதல் ஸ்டார்ட் எடுக்க என் பழைய டீசல் கார் நான்கு தடவை செல்ஃப் கேட்கும். நான் அதை வாங்கிய முதல் வருடம் அது. டீசல் வண்டி காலையில் மக்கர் பண்ணினால், குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கிக் கொடுக்கிற ஹீட்டர் பிளக்தான் என்பது எல்லோரும் சொல்கிற பாடம். நான்கையும் மாற்றினேன். அப்புறம் ரிலே. அப்புறம் பேட்டரி. மறுநாள் காலை, புதுப் பேட்டரியின் முறுக்கோடு, அதே நான்கு தடவை.

கடைசியில் பழைய டீசல் எஞ்சின்களிலேயே கை ஊறிய ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைக் கூடத் திறக்கச் சொல்லவில்லை.

“எப்பப்பா பண்ணுது?”

“காலையிலதான் ஐயா.”

“காலையிலன்னா குளிர்லயா, இல்ல ராத்திரி முழுக்க நின்னதாலயா? பகல்ல எட்டு மணி நேரம் வெயில்ல நிறுத்திப் பார்த்தியா?”

பார்த்ததில்லை. அந்த வார விடுமுறையில் காலை ஓட்டிவிட்டு, வண்டியை நல்ல வெயிலில் நிறுத்தினேன். மாலை வந்து தொட்டால் பானெட் சுடுகிறது. சாவியைத் திருப்பினேன். நான்கு தடவை.

குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. நின்றால் பண்ணுகிறது. வண்டி நிற்கும்போது டீசல் பம்பிலிருந்து மெல்ல இறங்கி டேங்குக்கே திரும்பிப் போகிறது. அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. மறுபடி பம்ப் நிறைகிற வரைக்கும் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மாற்றிய ஹீட்டர் பிளக் நான்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்கப் பெரியவர் கொடுத்த ஆயுதம் ஒரு முழம் கண்ணாடி டியூப். மீன் தொட்டிக்குப் போடுவார்களே, அது போல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப், ஆனால் டீசலுக்குத் தாங்குகிற வகை. ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் டியூபைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, கிளாம்ப் போட்டு எஞ்சினை ஓடவிட வேண்டும். ஒன்றிரண்டு சின்னக் குமிழ் போனால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். விடாமல் கோத்த மணி போல வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ உறிஞ்சுகிறது. என் வண்டியில் ஓடும்போது குமிழே இல்லை. நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். டியூபின் மேல் வளைவில் விரல் நீளத்துக்குக் காற்று உட்கார்ந்திருந்தது. இரண்டு மணி நேரத்தில் அது இரண்டு விரல் நீளம்.

திருடன், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களுக்கு மேலே இருந்தான். மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்ப ஒரு இன்ஜெக்டரிலிருந்து அடுத்ததற்கு ஓடும் ரிட்டர்ன் டியூப், பென்சிலை விட மெலிசு, மேலே நூல் பின்னல். பார்க்க உலர்ந்துதான் இருந்தது. நகத்தால் மடக்கினேன், பின்னலுக்குள் ரப்பர் பிஸ்கட் மாதிரி உடைந்தது. நான்கு துண்டு புது டியூப், பத்து நிமிட வேலை. மறுநாள் காலை அரைச் சுற்றிலேயே ஸ்டார்ட். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு வண்டியில் என்ன வந்தாலும் “என்ன ஆச்சு” என்று கேட்பதற்கு முன் “எப்போது ஆகிறது” என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். குளிரிலா, சூட்டிலா, நின்ற பிறகா, மேட்டிலா, ஓடி அரை மணி கழித்தா. பாதி விடை அங்கேயே வந்துவிடுகிறது.

பழைய டீசல் எஞ்சின் அடிப்படையில் ரொம்ப எளிய ஜந்து. தீப்பொறி கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடாகும், அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டியதிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. ஆகவே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் போதிய வேகத்தில் சுற்றவில்லை, அல்லது காற்று நசுங்கிச் சூடாகவில்லை, அல்லது டீசல் சரியான நேரத்தில் வந்து சேரவில்லை. வேறு காரணம் தேடி ஜாதகம் பார்க்க வேண்டாம்.

சுற்றும் வேகத்தைத்தான் ஆட்கள் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் நசுங்குகிற காற்று தன் சூட்டைச் சிலிண்டர் சுவரில் விட்டுவிடும், மூலைகளில் கசிந்தும் போகும். பெட்ரோல் வண்டி அந்த வேகத்தில் எப்படியோ பிடித்துக்கொள்ளும், டீசல் பிடிக்காது. இன்னொரு வருடம் எனக்கு அப்படி ஒரு இழுவை வந்தது. பேட்டரி நிறுத்தி வைத்தபோது 12.6 வோல்ட், குறையே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய ஒரு போல்ட் தலையிலும் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதாவது செல்ஃப் மோட்டாருக்குப் போக வேண்டிய பலத்தில் ஒரு பகுதியை எர்த் கேபிள் தானே தின்றுகொண்டிருந்தது. கேபிளைக் கழற்றினால் முனையில் போல்ட் மாட்டுகிற காதுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள், செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புது கேபிள் போல இருக்கும். பிளஸ் பக்கத்தையும் இதே மாதிரி, பேட்டரி கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டார் முனைக்கும் நடுவில் அளக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும்.

நிஜமாகவே ஹீட்டர் பிளக் போனால் எப்படி இருக்கும்? இரண்டு மணி நேரம் நின்று சூடு ஆறாமல் இருந்தால் சாதாரணமாக ஸ்டார்ட் ஆகும். நன்றாகக் குளிர்ந்தால் மட்டும் தகராறு. ஸ்டார்ட் ஆனதும் ஒரு சிலிண்டர் தூங்குவது போல வண்டி ஆடும், சைலன்சரிலிருந்து கண் எரிகிற வெள்ளைப் புகை வரும், ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஆடுவது அந்த எரியாத சிலிண்டர்தான், புகை அதில் வேகாமல் வந்த டீசல். டாஷ்போர்டில் எரிகிற சுருள் விளக்கைப் பல பழைய வண்டிகளில் நம்ப வேண்டாம். அது வெறும் டைமர், பிளக் நான்கும் செத்திருந்தாலும் கடமை தவறாமல் எரிந்து அணையும். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். விளக்கு எரிந்தால் உள்ளே கம்பி உயிரோடு இருக்கிறது. எரியாவிட்டால் அது செத்த பிளக். மல்டிமீட்டர் இருந்தால், நல்ல பிளக் ஒரு ஓம் அளவிலோ அதற்குக் கீழோ காட்டும். பிளக்குக்குக் கரன்ட் வருகிறதா என்பது தனிக் கேள்வி, அதற்குப் பட்டையில் வோல்ட் பார்க்க வேண்டும்.

கழற்றும்போது பொறுமை வேண்டும். வருடக்கணக்கில் கழற்றாத பிளக் கரி பிடித்து, எஞ்சினின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டியிருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, முந்தின நாளே துரு நீக்கும் ஆயில் விட்டு, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுக்க வேண்டும். முறிந்து பாதி உள்ளே நின்றால், பத்து நிமிட வேலை ஹெட்டை இறக்குகிற வேலையாகிவிடும். வெளியே வந்த பிளக்கின் நுனியையும் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கியோ உருகியோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் பீய்ச்சாமல் சொட்டுகிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே என்று ஒன்று இருக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அதை அடிக்காதீர்கள். செக்கச் செவேல் என்று காய்ந்திருக்கும் பிளக்கில் ஈதர் பட்டால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டனும் உடையலாம்.

தலைகீழான நோய் ஒன்றும் உண்டு. காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். நெடுந்தூரம் ஓடி, நிறுத்தி, கால் மணி கழித்து வந்தால் ஆகாது. குளிரில் நல்லது, சூட்டில் கெட்டது. சூட்டில் டீசல் நீர்த்துப் போகும். இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பங்கிடுகிற ரோட்டரி பம்பின் தலைப்பாகத்தில், டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே இருப்பது மயிரிழையை விடக் குறைந்த இடைவெளி. அது தேய்ந்திருந்தால் நீர்த்த டீசல் அந்த வழியே நழுவிவிடும், செல்ஃப் வேகத்தில் இன்ஜெக்டரைத் திறக்கிற அழுத்தமே எழும்பாது. இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. எஞ்சின் நின்ற நிலையில் பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் பம்ப்தான் தேய்ந்திருக்கிறது. ஆனால் ஓடுகிற எஞ்சினில், சூடான பம்பின் மேல் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். வெளி உறை சட்டென்று சுருங்கி உள்ளே இறுகிப் பிடித்தால் பம்ப் அத்தோடு முடிந்தது. சூட்டில் செல்ஃப் மோட்டாரே சோம்பிச் சுற்றினாலும் இதே அறிகுறிதான் வரும். அதனால் பம்பைப் பழிப்பதற்கு முன் அந்த வோல்ட் கணக்கை ஒரு தடவை முடித்துவிடுங்கள்.

பாதி வழியில் நிற்பது வேறு கதை. என் வண்டி ஒரு காலத்தில் சரியாக நாற்பது நிமிடம் ஓடும். அப்புறம் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டு அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மறுபடி கொஞ்ச தூரம். சூட்டுக் கோளாறு என்று ஆளாளுக்கு அடித்துச் சொன்னார்கள். நோட்டைப் புரட்டினேன். ஊருக்குள் மெதுவாக இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் நிற்பதில்லை. நெடுஞ்சாலையில், வேகமாகப் போகும்போது மட்டும் நிற்கிறது. சூடு காரணமென்றால் ஊருக்குள் ஊர்ந்து போகும்போது அல்லவா முதலில் நின்றிருக்க வேண்டும்?

அடுத்த தடவை நின்றதும் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்தேன். காற்றை உறிஞ்சும் ‘உஸ்’ சத்தம் வந்தால் மூடியின் அல்லது டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலைப் பிடித்து வைத்திருக்கிறது. எனக்குச் சத்தம் வரவில்லை. அப்படியானால் டேங்குக்குள்ளேதான் எதுவோ. மிதவை மூடியைக் கழற்றி, உறிஞ்சும் குழாயின் நுனியில் இருக்கிற வலையை வெளியே எடுத்தேன். கறுப்பாக, வழவழவென்று, வாழைத் தண்டின் உள் நார் போல எதுவோ அதைப் போர்த்தியிருந்தது. விரலில் தேய்த்தால் ஈரச் சோப்பு மாதிரி வழுக்கியது.

டீசலில் வாழ்கிற பாக்டீரியாவும் பூஞ்சையும் அவை. சுத்தமான டீசலில் வளராது. டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கினால், தண்ணீரும் டீசலும் சந்திக்கிற கோட்டில் குடியேறி, டீசலையே தின்று வளரும். வேகமாகப் போகும்போது பம்ப் அதிகமாக உறிஞ்சும், சளி வந்து வலையில் அப்பிக்கொள்ளும். நிறுத்தியதும் உறிஞ்சல் நின்று, தானாக உதிர்ந்து அடியில் உட்காரும். பத்து நிமிட ஓய்வின் ரகசியம் இவ்வளவுதான். டேங்கை இறக்கிக் கழுவி, கிருமிக்கான மருந்து ஊற்றி, அடுத்த இரண்டு மாதத்தில் ஃபில்டரை இரண்டு தடவை மாற்றினேன். செத்த சளியும் ஃபில்டருக்குத்தானே வந்து சேரும். அதிலிருந்து, வண்டி நாள் கணக்கில் நிற்கப் போகிறது என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துகிறேன். காலி இடம் எவ்வளவோ, அவ்வளவு ஈரக் காற்று வியர்க்கும்.

ஃபில்டரின் அடியில் ஒரு வடி திருகு இருக்கும். அதைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும், நடுவில் கத்தியால் கீறினது போல ஒரு கோடு. நான் ஒவ்வொரு ஆயில் சர்வீசுக்கும் நடுவில் ஒரு தடவை இதைப் பார்க்கிறேன். ஒரு துளி தண்ணீர் போதும், பம்பின் மினுமினுப்பில் துரு ஏற.

ஃபில்டர் மாற்றினாலும், டேங்க் வறண்டாலும் சிஸ்டத்தில் ஏர் பிடிக்கும். ஏர் எடுப்பது பயப்படுகிற வேலை இல்லை. புது ஃபில்டரைக் காலியாக மாட்டாமல் சுத்தமான டீசல் நிரப்பி மாட்டினால் பாதி வேலை முடிந்தது. ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அமுக்குங்கள். முதலில் நுரை, அப்புறம் நுரையும் டீசலும், அப்புறம் வெறும் டீசல். அமுக்கிக்கொண்டே இறுக்கிவிடுங்கள். அப்படியும் எடுக்கவில்லை என்றால், இன்ஜெக்டர் தலையில் இருக்கும் பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, மேலே துணி போட்டு, செல்ஃப் அடிக்க வேண்டும். டீசல் கசிந்ததும் இறுக்கலாம். பம்பில் டீசல் வழியைத் திறந்து மூடுகிற மின் வால்வான ஸ்டாப் சாலினாய்டையும் மறக்காதீர்கள். சாவியை ஆன் பண்ணும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது வரவில்லை என்றால் எத்தனை ஏர் எடுத்தாலும் டீசல் கதவைத் தாண்டாது. நான் ஒரு மழைநாளில் அரை மணி நேரம் ஏர் எடுத்தேன். கழன்று தொங்கியது அந்தச் சாலினாய்டின் ஒயர்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நட்டைத் தளர்த்துகிற இந்த வித்தை மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய எஞ்சின்களுக்கு மட்டும். உங்களுடையது காமன் ரெயில், அதாவது ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகிற புது வகை என்றால், ஓடும்போதோ செல்ஃப் அடிக்கும்போதோ எந்த ஹைபிரஷர் பைப்பையும் தொடாதீர்கள். அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். ஊசி போலத் தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒரு புள்ளிதான். உடனே அறுவை சிகிச்சைக்குப் போகாவிட்டால் விரலை, சில நேரம் கையையே இழக்க நேரும். பழைய எஞ்சினிலும் இன்ஜெக்டர் பீய்ச்சுகிற நுனிக்கு நேரே விரலை நீட்டக் கூடாது.

புகையின் நிறத்தை வைத்து நோய் சொல்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளையில் இரண்டு வகை: கண் எரிந்தால் வேகாத டீசல், எரியாமல் லேசான இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். இங்கேயும் நிறத்தை விட நேரம்தான் அதிகம் சொல்லும். நீலப் புகை காலையில் ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளுக்கு மட்டும் என்றால் வால்வ் சீல் வழியே இரவில் ஆயில் இறங்கியிருக்கிறது, அதோடு பல வருடம் ஓட்டலாம். மேட்டில் பாரம் இழுக்கும்போது நீலம் வந்தால் பிஸ்டன் ரிங்கையோ, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போவையோ பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகையோடு இழுவையும் போனால் நான் முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸ், அடுத்து, புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடுகிற இஜிஆர் வால்வ் என்று போவேன். அந்த ஹோஸ் ஒரு தடவை என்னை நன்றாக ஏமாற்றியது. நிறுத்திய நிலையில் பார்த்தால் முழுசாக இருக்கும். கிழிசல் அடிப்பக்கம், மடிப்பின் உள்ளே. டர்போ ஊதும்போது மட்டும் வாய் திறக்கும். காட்டிக் கொடுத்தது அதற்கு நேர் கீழே படிந்திருந்த ஆயில் ஈரமும், அதில் ஒட்டிய தூசியும். ஹோஸைக் கையால் வளைத்து, விரலை மடிப்புக்குள் ஓட்டிப் பாருங்கள்.

வேக்குவம், அதாவது வெற்றிட உறிஞ்சலைக் கடத்தும் டியூபுகளும் இதே குடும்பம். டீசல் எஞ்சினில், பெட்ரோல் வண்டி போல, காற்று வழியை அடைக்கிற திராட்டில் பழைய வகைகளில் பெரும்பாலும் கிடையாது. அதனால் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தைத் தனியாக ஒரு பம்ப் கொடுக்கிறது. பிரேக் பெடல் திடீரென்று கல் மாதிரி ஆனால் அந்தப் பம்பையும் அதன் டியூபையும் அன்றைக்கே பாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சில பழைய மெர்சிடிஸ் டீசல்களில் கதவுப் பூட்டும் எஞ்சினை நிறுத்துவதும் ஒரே வேக்குவத்தில் ஓடுகின்றன. அங்கே கதவுக்குள் ஒரு டியூப் கிழிந்தால், சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

சத்தத்துக்கு வருவோம். டீசல் எஞ்சின் கடகடப்பது பிறவிக் குணம். அந்தத் தாளத்தில் ஒரு அடி மட்டும் தூக்கலாக, சுத்தியலால் தட்டுவது போல வந்தால் இன்ஜெக்டரைச் சந்தேகப்படலாம். மெக்கானிக்கல் பம்ப் உள்ள எஞ்சினில், ஐட்லிங்கில், ஒவ்வொரு இன்ஜெக்டரின் பைப் நட்டாகத் தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தள்ளாடும். தட்டும் சிலிண்டரைத் தளர்த்தினால் தட்டல் நின்றுவிடும். தளர்த்தியும் தள்ளாட்டமே வரவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அடிச் சத்தம் அப்படியும் போகவில்லை என்றால் பேரிங் பக்கம், ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

நான் ஒரு தடவை இன்ஜெக்டர்களைக் கழற்றி நாசில் மாற்றி மாட்டினேன், அடி வாஷரைப் பழசையே போட்டேன். ‘சுத்தமாத்தானே இருக்கு’ என்று. இரண்டு வாரத்தில் ‘சுஃப் சுஃப்’ என்று மூச்சு விடும் சத்தம். இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பு. அந்த வாஷர் ஒரு தடவை நசுங்கி அமர்வதற்கென்றே செய்தது, இரண்டாவது தடவை நசுங்காது. எந்தப் பக்கம் மேலே என்பதும் முக்கியம், கழற்றும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு ஏறுவதில் நான் செய்த தப்பு பெரியது. கூலன்ட் குறைகிறது, ஊற்றுகிறேன், குறைகிறது, ஊற்றுகிறேன் என்று ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டினேன். வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. வெளியே போகாத தண்ணீர் வேறு எங்கே போகும்? இரவெல்லாம் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். சூடாவதற்கு முன்பே குமிழ் குமிழாக வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கிற ஹெட் கேஸ்கட் வழியே சிலிண்டரின் வாயு நுழைகிறது. மூடியைப் போட்டுவிட்டு மேல் ஹோஸை அமுக்கினாலும் சொல்லிவிடும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே ஹோஸ் கல்லாக இறுகினால் அது சூட்டின் அழுத்தம் இல்லை. சூடான எஞ்சினில் மட்டும் அந்த மூடியைத் தொடாதீர்கள்.

ஹெட்டை இறக்கிய பிறகு இன்னொரு பாடம். டீசல் ஹெட் கேஸ்கட் பல எஞ்சின்களில் ஒரே எஞ்சினுக்கு மூன்று கனத்தில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதை வைத்து அதைத் தேர்ந்தெடுப்பார்கள். கேஸ்கட்டின் ஓரத்தில் இருக்கும் துளைகளோ வெட்டுகளோதான் அதன் கனத்தைச் சொல்கிற குறி. பழைய கேஸ்கட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் எத்தனை துளை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையதில் இரண்டு. கைக்கு முதலில் வந்து சேர்ந்த புதுசில் ஒன்றுதான், அதாவது கனம் குறைந்தது. மாட்டியிருந்தால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடம் குறைந்திருக்கும்.

வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கிற டைமிங் பெல்ட்டுக்கு அறிகுறி பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள். பழைய வண்டி வாங்கியவுடன், முந்தையவர் எப்போது மாற்றினார் என்பதற்குக் காகிதம் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும் கூடவே. ஆயில் மாற்றிய மறுநாளே கறுப்பாவதைப் பார்த்துப் பதற வேண்டாம், டீசலில் அது இயல்பு. ஆயில் அளவு தானாக ஏறினால்தான் பதற வேண்டும். எங்கோ டீசலோ கூலன்டோ உள்ளே கலக்கிறது.

எனக்கு நேரவில்லை, ஆனால் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்: டர்போ சீல் போய், எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு வெறி பிடித்து ஓடுவதை. ஓட்டினவர் சாவியை எடுத்துவிட்டார். அது ஓடிக்கொண்டே இருந்தது, இன்னும் வேகமாக, ஊரே தெரியாத அளவு வெண்நீலப் புகையோடு. டீசலை நிறுத்தினாலும் ஆயில் கிடைக்கிறதே. கியர் வண்டி என்றால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சைப் பட்டென்று விட வேண்டும், எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். அன்று அப்படித்தான் நின்றது. அதற்கு வழியில்லை என்றால் காற்று நுழைகிற வாயைத் தட்டையான பலகையால் அடைக்கலாம். கையாலோ துணியாலோ வேண்டாம், உறிஞ்சிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் தள்ளி நில்லுங்கள், எஞ்சின் போனால் போகட்டும்.

டிக்கியில் ஒரு பழைய பையில் இப்போது இருப்பவை: டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர், 17 நம்பர் ஸ்பேனர், ஒரு ஃபில்டர், ரிட்டர்ன் டியூப் இரண்டு அடி, சின்ன கிளாம்ப் ஆறு, நோட்டு. பெரியவர் கொடுத்த கண்ணாடி டியூபும் அதில்தான் கிடக்கிறது. டீசல் பட்டுப் பட்டு மஞ்சளாகி விறைத்துவிட்டது. போன வாரம் மாட்டிப் பார்த்தபோது உள்ளே போவது குமிழா, டியூபின் கீறலா என்று தெரியவில்லை. இன்னொரு முழம் வாங்க வேண்டும்.